தீவனத்தில் மருந்து எதற்கு?

மாரமங்கலம் பக்கம் காப்பிக்கும் மிளகுக்கும் பண்ணைக் கோழி எரு வாங்கி இடும் உழவர்கள், அந்தக் கோழி என்ன தின்றது என்றும் விசாரிப்பது நல்லது.

வேறு மருந்து கேளாதபோது மனிதருக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். கால்நடைக்கும் கோழிக்கும் அதைக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. தடை சரியே, ஆனால் போதாது என்பேன். பாக்டீரியாவில் 'இன்டெக்ரான்' என்ற மரபணு அமைப்பு உண்டு. கொத்தில் சாவி கோர்ப்பதுபோல், வெவ்வேறு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களை அது வரிசையாகச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொத்து அப்படியே பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் தாவக்கூடும். அவற்றுள் ஒரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தாலே போதும், கொத்து முழுவதும் நிலைத்துவிடும்.

ஆகவே நோயில்லாத கோழிக்கு எந்த ஆன்டிபயாடிக் மருந்தும் கூடாது. பச்சை எருவையும் அப்படியே இடாமல், குவித்துச் சூடேற மட்க வைத்து இடுங்கள். முழுப் பாதுகாப்பு அல்ல. கிருமிகள் வெகுவாகக் குறையும்.