மந்தமும் காரீயமும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலராசிரியர் பணித்தபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் எதிர்பார்க்கத்தக்க இலக்கியப் பொருளொன்றையே எடுக்க எண்ணியிருந்தேன். ஆயின், ஒரு சொல் என்னை வேறு வழியில் இட்டுச் சென்றது. அச்சொல் ஈயம்.

ஈயத்தை வெள்ளீயம், காரீயம் என இரண்டாகப் பகுத்துரைப்பது தமிழ் வழக்கு. நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவித்தது வெள்ளீயம். அது களிம்பைத் தடுப்பது. காரீயமோ வேறோர் உலோகம். உடம்பினுட் புகின் நஞ்சு. பேச்சில் இரண்டனையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். சொல் மயங்கினாற் பொருள் மயங்கும்.

காரீயம் கல்சியத்தைப் போல வேடமிட்டு உடம்பினுள் நுழைவது. கல்சியம் செல்லும் வாயில்களாலேயே மூளையை அடைந்து, நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் தொழிலைக் குலைக்கிறது. கற்றலும் நினைவும் நிகழ்வது அத்தொழிலினாலன்றோ? விழுங்கிய காரீயத்தில் வளர்ந்தோர் உடம்பு ஏற்பதினும் நாலைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடம்பு ஏற்கும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் மிகுதியாக ஏற்கும். தீங்கற்றது எனக் கொள்ளத்தக்க அளவு யாதும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

ஆசிரியர்கள் அறியவேண்டிய ஆராய்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்காவில், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள ஈரூர்களிற் கீழ்வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களை ஹேர்பேட் நீடில்மன் என்னும் மருத்துவர் சேர்த்து, அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். அவ்வளவு அறியாத வகுப்பாசிரியர்களிடம் பிள்ளைகளின் இயல்பை வினவினார். காரீயம் மிக மிக, ‘கவனம் சிதறுபவன்’, ‘சொன்னதைச் செய்யத் தெரியாதவன்’ என்னும் தீர்ப்பும் மிகுந்தது. நுண்ணறிவுச் சோதனையிலும் அப்பிள்ளைகள் பின்னின்றனர். 1979இல் இது வெளிவந்தது. அவர்களுட் பலரை மீண்டும் கண்டு 1990இல் எழுதிய கட்டுரையில், காரீயம் மிக்கோரே பள்ளியை இடையில் விட்டோராயும் வாசிப்பில் இடர்ப்பட்டோராயும் மிகுந்திருந்தமையைக் காட்டினார்.

அத்தீர்ப்புகள் நம் வகுப்பறைகளிலும் நாள்தோறும் வழங்குபவை. யானும் வழங்கியவனே. பின்வாங்கில் இருந்த ஒருவனை ‘மந்தன்’ என்று பலர் முன்னிலையிற் சொன்னதுண்டு. அவன் மந்தத்துக்குக் காரணம் யாதென இன்றும் அறியேன்; அன்று வினவவேயில்லை என்பதுதான் என் குற்றம்.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டிற் காரீயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதுவரை பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற பிள்ளைகள் அப்பெற்றோலின் புகையைச் சுவாசித்தனர். புகை போயிற்று, ஆனால் காரீயம் மக்கி அழியும் பொருளன்று, தெருவோர மண்ணிற் படிந்து கிடப்பது. வர்ணப்பூச்சிற் காரீயத்துக்குச் சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்டது 2013 முதலாகத்தான். அதற்கு முன் பூசிய கதவும் சாளரமும் மேசையும் வாங்கும் நம்மிடத்து எத்தனை! அவற்றின் பூச்சிலெல்லாம் காரீயம் உண்டு என்று கூறேன். சோதியாது இல்லை என்று கொள்ளுதல் தகாது என்பதே என் கருத்து.

விழாவை முன்னிட்டுக் கட்டடங்களுக்குப் புதுவர்ணம் பூசப் பழைய மாணவர் பொருள் திரட்டுகின்றனர். நன்று. ஆயின், பழைய பூச்சை உலர்ந்தபடியே சுரண்டித் தேய்த்தால் எழும் தூசு பிள்ளைகளின் கையிலும் வாயிலும் சேரும். விடுமுறையில், மாணவர் இல்லாதபோது, நனைத்துச் சுரண்டுக. தூசை ஈரத்துணியால் ஒற்றி அகற்றுக. காரீயம் சேராத வர்ணத்தையே வாங்குக. செலவு சிறிது கூடலாம். மூளைக்கு நேர்ந்த கேட்டை மீட்டல் அரிது. வருமுன் காத்தலே வழி.

“இவற்றினிடையேதானே நாங்களும் படித்து முன்னேறினோம்” என்பார் உளர். முன்னேறியவர் விழாவுக்கு வந்து அவ்வாறு சொல்கின்றனர். இடையிற் பள்ளியை விட்டுச் சென்றவர் இங்கு வந்து சொல்வதில்லை. அவர்கள் பெயர் பழைய மாணவர் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு நாம் இழைத்தது யாதாயினும், இனி வரும் பிள்ளைகளுக்கு அதனை இழையாதிருப்போம். பிரம்பை எடுக்குமுன் மேசையின் பூச்சைப் பார்ப்போம்.