இல்லத்தின் கணக்கை வாசலில் ஒட்டுங்கள்

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு முதியோர் இல்லமோ குழந்தைகள் காப்பகமோ கண்ணில் படும். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே ஒரு தனி வீட்டைப் பிடித்து, பெயர்ப் பலகை மாட்டி, பத்து இருபது பேரை வைத்துப் பராமரிக்கிறார்கள். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அடையாள அட்டையும் உண்டியலுமாக நிற்கும் இளைஞர்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் இந்த இல்லங்களுக்குப் போய்ச் சாப்பாடு போடுவது எங்கள் பகுதிக் குடும்பங்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படிப்பட்ட சிறு இல்லங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தர்மப் பணத்தைத் தின்பவர்கள் குறைவு. கணக்கு வைக்கத் தெரியாதவர்களும் கணக்கைக் காட்ட மனமில்லாதவர்களும்தான் அதிகம். ஆனால் பணம் கொடுப்பவருக்கு இந்த மூவரும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அதனால்தான் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஒரு இல்லத்தின் ரொக்கப் புத்தகத்தை முதன்முதலாகப் பிரித்தபோது கண்டதைச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, மூன்று குடும்பங்கள் தனித்தனியாக மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருந்தன. உலை வைத்தது ஒரு தடவைதான். மீதி இரண்டு சாப்பாட்டுப் பணம் எங்கே போயிற்று என்று தேடினால், மின் கட்டணத்துக்கும் சமையல்கார அம்மாவின் பாக்கிச் சம்பளத்துக்கும் போயிருக்கிறது. திருட்டு இல்லை. ஆனால் அந்த மூன்று குடும்பங்களுக்கும் "உங்கள் பெயரில் இன்று அன்னதானம் நடந்தது" என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குக் கொடுக்க ஆள் உண்டு, கரண்ட் பில்லுக்குக் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் இதன் வேர். இதில் நமக்கும் பங்குண்டு. நாம் "சாப்பாட்டுக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுக்கும்வரை, இல்லம் நடத்துபவர் பொய் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. "பொது நிதிக்கு" என்று எழுதிக் கொடுங்கள். அந்தப் பொய்க்கு அவசியமே இல்லாமல் போகும்.

செலவுப் பக்கம் இன்னும் மோசம். மளிகைக் கடையில் முறையான பில் வாங்காமல் "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டை வாங்கி வருவார்கள். அதில் கடைப் பெயர் இருக்காது, சில சமயம் தேதியும் இருக்காது. ரசீது புத்தகத்தை உள்ளூர் அச்சகத்தில் வரிசை எண் போடாமல் அடித்திருப்பார்கள். வரிசை எண் இல்லாத ரசீதுக்கு அடிக்கட்டை இருந்தும் பயனில்லை. எத்தனை கிழித்தார்கள், எத்தனை கணக்கில் ஏறியது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. பொருளாக வரும் தானம் பெரும்பாலும் புத்தகத்திலேயே ஏறுவதில்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், போர்வை, பழைய துணி எல்லாம் நேரே உள்ளே போய்விடும். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை சமைத்தது, எத்தனை மீதி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் போதும். அந்த நோட்டுகூடப் பல இடங்களில் கிடையாது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. தமிழகம் முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பொருள் வந்தது. அந்த மனசை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் சில வாரங்களில் பழைய துணி மூட்டைகள் சாலையோரம் நனைந்து கிடந்ததையும் பார்த்தோம். ஒரு தெருவுக்கு மூன்று தடவை பாய் கிடைத்தது, அடுத்த தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. பொருள் வந்ததை யாரும் எழுதி வைக்காததால், எது எங்கே மிஞ்சுகிறது, எங்கே தட்டுப்பாடு என்று யாருக்கும் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்றால், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் நம் பகுதி இல்லங்களில் பல, சங்கங்கள் அல்ல, அறக்கட்டளைகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் எழுதிப் பதிந்தால் அறக்கட்டளை பிறந்துவிடும். கணவரும் மனைவியும் மைத்துனரும் அறங்காவலர்களாக இருந்தாலும் தடை இல்லை. அதன் பிறகு அது மாநில அரசின் எந்த அலுவலகத்துக்கும் வருடாந்திர வரவு செலவைக் காட்ட வேண்டியதில்லை. கோயில் அறக்கட்டளைகளைக் கவனிக்க இந்து சமய அறநிலையத் துறை இருக்கிறது, வக்ஃபு சொத்துக்கு வாரியம் இருக்கிறது. பொதுமக்கள் காசில் நடக்கும் சாதாரண அறக்கட்டளைக்கு அப்படி யாரும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறக்கட்டளைகளுக்கென்றே ஆணையர் இருக்கிறார். கணக்கு அவரிடம் போக வேண்டும். இங்கிலாந்தில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களின் வரவு செலவை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்மிடம் இருப்பது வருமான வரித் துறை மட்டுமே. இல்லம் அங்கே தாக்கல் செய்யும் கணக்கு நம் கண்ணுக்கு எட்டாது.

கடைசி வழி நீதிமன்றம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். அட்வகேட் ஜெனரலும் போடலாம். இதற்கு நம் ஊரிலேயே முன்கதை உண்டு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கென்று உயில் எழுதி வைத்துப் போன பணம், பல பத்தாண்டுகள் உயிலின்படி செலவாகாமலே கிடந்தது. அன்றைய அட்வகேட் ஜெனரல் தலையிட்டு, நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, 1842இல் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு பெருஞ்செல்வரின் தர்மத்துக்கு அரசு வழக்கறிஞர் வந்தார். மாடம்பாக்கத்தில் நீங்களும் நானும் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு எந்த அட்வகேட் ஜெனரலும் வரப்போவதில்லை. நாமேதான் கேட்டாக வேண்டும்.

ஒன்றை மட்டும் தவறாகக் கேட்காதீர்கள். "எங்களுக்கு நிர்வாகச் செலவு ஒரு பைசாகூட இல்லை, முழுப் பணமும் பிள்ளைகளுக்கே" என்று ஒரு இல்லம் பெருமை பேசினால் எனக்குப் பயம்தான் வரும். இரவில் பிள்ளைகளோடு தங்கும் வார்டனுக்குச் சம்பளம் உண்டா? தீயணைப்பு சிலிண்டருக்கு யார் பணம் கட்டினார்கள்? கணக்கு எழுதுபவர் யார்? வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று எல்லாருக்கும் தெரியும். அதுவே நிர்வாகத்துக்கு 20 சதவீதம் வரை செலவிட அனுமதிக்கிறது. நல்ல ஆளுக்கு நியாயமான சம்பளம் கொடுப்பது விரயம் ஆகாது. சம்பளம் இல்லாமல் இல்லம் நடக்கிறது என்றால், யாரோ ஒரு ஏழைப் பெண்ணின் உழைப்பு சுரண்டப்படுகிறது, அல்லது செலவு வேறு தலைப்பில் ஒளிந்திருக்கிறது.

வேறு எதைக் கேட்பது? அறங்காவலர்கள் யார், அவர்களில் குடும்பத்தார் எத்தனை பேர் என்று கேளுங்கள். இடமும் வாகனமும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, தனி நபர் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள்; என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விக்குத்தான் முகம் அதிகம் மாறும். பணத்தை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். யாருடைய கைபேசி எண்ணுக்கும் ஜிபே பண்ணாதீர்கள். 80ஜி பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவு இருக்கும் இல்லம், நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். வெறும் ரசீதோடு நிறுத்தினால் ஏன் என்று விசாரியுங்கள்.

"இவ்வளவு நோண்டினால் சேவை செய்ய யார் வருவார்கள்?" என்று என்னிடமே சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனி சமூகப் பொறுப்பு நிதி கொடுக்க முன்வந்தால், அதே இல்லம் பத்திரம், தணிக்கை அறிக்கை, வங்கிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் திரட்டிக் கொடுக்கிறது. லட்சம் கொடுப்பவருக்குக் காட்ட முடிகிற காகிதத்தை, ஆயிரம் கொடுக்கும் ஓய்வூதியக்காரருக்கும் காட்டலாம். அவருக்கு அந்த ஆயிரம்தான் பெரிய பணம்.

தமிழக அரசு செய்ய வேண்டியது கடினமானதல்ல. மக்களிடம் பணம் திரட்டும் அறக்கட்டளைகளும் சங்கங்களைப் போலவே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கு தமிழில், ஒரே பக்கத்தில், எவரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். அதுவரை, இல்லம் நடத்தும் நல்லவர்களே முன்வந்து வாசல் சுவரில் அந்த ஒரு பக்கத்தை ஒட்டலாம். நான் கணக்கு எழுதும் ஒரு இல்லத்தில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறோம். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதுவரை அதில் இருக்கிறது. ஒட்டிய பிறகு மின் கட்டணத்துக்கென்றே மாதாமாதம் பணம் அனுப்ப ஒரு குடும்பம் முன்வந்தது.

மார்ச் 31உடன் ஆண்டுக் கணக்கு முடிகிறது. தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. ஆகவே தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு நீங்கள் இல்லத்துக்குப் போகும்போது, சென்ற ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கு அங்கே தயாராக இருக்க வேண்டும். உட்கார்ந்து, மரியாதையோடு, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.