ஒரே கதை, இரண்டு அரண்மனைகள்

சீனத் தொடர் நல்லதா, கொரியத் தொடர் நல்லதா? ஒரே வீட்டுக்குள் கட்சி பிரிகிற கேள்வி இது. கல்லூரிக்குப் போகும் பெண் கொரியா பக்கம். மதியச் சமையலை முடித்துவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் அத்தை சீனா பக்கம். பொதுவாகப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஒரே மீனை இரண்டு வீட்டில் குழம்பு வைத்தால்தானே யார் கைப்பக்குவம் எப்படி என்று தெரியும்?

அதற்குத் தோதாக ஒரு கதை இருக்கிறது. டோங் ஹுவா என்ற சீனப் பெண் எழுத்தாளரின் நாவல். 2011-ல் ஹூனான் தொலைக்காட்சியில் 35 எபிசோடுகளாக வந்தது. வெளிநாட்டு ரசிகர்களுக்கு ‘ஸ்கார்லெட் ஹார்ட்’. அதே கதையை 2016-ல் கொரியாவின் எஸ்.பி.எஸ். சேனல் ‘மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ’ என்று 20 எபிசோடுகளில் எடுத்தது. நம் மெகா சீரியல் கணக்கில் இரண்டுமே டிரெய்லர் அளவுதான்!

(இனிமேல் கதை முழுக்க வெளியே வரும். பார்க்கப் போகிறவர்கள், பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி விபத்தில் சிக்கி, கண் விழிக்கும்போது பழங்கால அரண்மனையில் வேறொரு பெண்ணின் உடம்பில் இருக்கிறாள். சுற்றிலும் இளவரசர்கள். எட்டாவது இளவரசர் மென்மையானவர். முதலில் மனசு அவரிடம் போகிறது. பிறகு, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத நான்காவது இளவரசரிடம். அரியணை ஒன்றுதான். அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் அழிக்கப் போகிறார்கள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

சீனத் தொடர் அமர்ந்திருப்பதே இந்தக் கடைசி வரியின் மேல்தான். கதை நடப்பது 61 வருடம் ஆண்ட காங்ஷி பேரரசரின் அரண்மனையில். அவருக்குப் பிறகு 1722-ல் அரியணை ஏறியவர் நான்காவது மகன், யோங்ஜெங். எட்டாவது, ஒன்பதாவது தம்பிகள் 1726-ல் அவருடைய காவலில் இருந்தபோதே இறந்தார்கள். சீனாவில் இது பலருக்கும் தெரிந்த கதை. ‘பொன்னியின் செல்வன்’ படிக்கும்போது அருள்மொழிதான் ராஜராஜன் ஆகப்போகிறார் என்று நமக்குத் தெரிந்தே இருப்பது போல. முடிவு தெரிந்தவர்களுக்குக் கதை சொல்வதென்றால், ‘என்ன நடக்கும்’ என்பதை வைத்துப் பயமுறுத்த முடியாது. ‘எப்படி நடந்தது’ என்பதுதான் மிச்சம்.

அங்கேதான் சீனத் தொடர் ஒரு குரூரமான முடிச்சைப் போடுகிறது. எட்டாவது இளவரசரைக் காப்பாற்ற நினைத்து, “நான்காவது இளவரசரிடம் ஜாக்கிரதை” என்று நாயகி ருவோஷி எச்சரிக்கிறாள். அதைக் கேட்டு அவர் முந்திக்கொண்டு காய் நகர்த்துகிறார். அந்தப் பகைதான் பின்னால் அவரையே அழிக்கிறது. தான் காப்பாற்ற நினைத்த அழிவுக்கு விதை போட்டதே தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரியவரும் இடத்தில், பின்னணி இசைகூடத் தேவைப்படவில்லை. இதைச் சொல்ல சீனத் தொடர் பல எபிசோடுகள் காத்திருக்கிறது. தேநீர் கலக்கும் காட்சிகளாகவே போய்க்கொண்டிருக்கிறதே என்று சலித்தவர்கள், அந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொரியாக்காரர்களிடம் அவ்வளவு பொறுமை இல்லை. அவர்கள் கதையை கோரியோ காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 918-ல் அந்த அரசை நிறுவிய வாங் கோனுக்கு 29 மனைவியர், 25 மகன்கள். இளவரசர் பஞ்சமே இல்லை! நான்காவது இளவரசர் வாங் சோதான் பின்னாளில் 949-ல் அரசரான குவாங்ஜோங்.

இவருக்குக் கொரியத் தொடர் கொடுத்த புதுச் சொத்து, முகத்தில் ஒரு தழும்பு. பெற்ற தாயால் வந்த தழும்பு. அதை மறைக்க முகமூடி. நாயகி ஹே சூவோ, நம் காலத்தில் அழகுசாதனப் பொருள் விற்றவள். மழை வேண்டி நடக்கும் சடங்கில் அவர் மக்கள் முன்னால் நிற்க வேண்டிய நாளில், அவள் மேக்கப் போட்டுத் தழும்பை மறைக்கிறாள். மக்கள் முதல்முறையாக அவரை இளவரசராகப் பார்க்கிறார்கள். அழகுசாதனத்தை உலகம் முழுக்க விற்கும் நாட்டுக்குத்தான் இப்படி ஒரு காட்சி தோன்றும் என்று கேலி செய்யலாம். ஆனாலும் அந்தக் காட்சி நெஞ்சில் நிற்கிறது. சீனத்து நான்காவது இளவரசரின் காயத்தை முப்பது எபிசோடு பழகித்தான் ஊகிக்க வேண்டும். கொரியாவில் அதை முகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

லீ ஜூன் கி அதை நடிப்பால் தாங்கிப்பிடிக்கிறார். நாயகி ஐயூ, கொரியாவின் பெரிய பாடகி. சீனத்தில் லியூ ஷிஷியும் நிக்கி வூவும். திரைக்கு வெளியே இந்த ஜோடி நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டது தனி சந்தோஷம். தலைமுடி விஷயத்தில் மட்டும் சீன நடிகர்கள் பாவம். சிங் வம்ச வழக்கப்படி முன்மண்டை மழித்து, பின்னால் நீளப் பின்னல். அந்தக் கோலத்திலும் ஒருவர் காதல் நாயகனாகத் தெரிகிறார் என்றால் அது நடிப்புதான்.

குரலில் இன்னொரு வித்தியாசம் உண்டு. கொரியத் தொடரில் நடிகர் அழுதால் அது அவர் மூச்சு, அவர் தொண்டை. சீனாவில், குறிப்பாகச் சரித்திரத் தொடர்களில், வேறொருவர் டப்பிங் பேசுவது நெடுநாள் வழக்கம். 76 எபிசோடு ஓடிய ‘எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்’ தொடரில் நாயகி சுன் லீக்கே குரல் கொடுத்தவர் ஜி குவான்லின் என்ற டப்பிங் கலைஞர். செட்டில் சத்தம், தைவான், ஹாங்காங் நடிகர்களின் உச்சரிப்பு எனக் காரணங்கள் பல. கதாநாயகிகளுக்கு இரவல் குரலே வழக்கமாக இருந்த தமிழ் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது குறையாகவே படாது.

கொரியத் தொடர்கள் பலவும் வாரம் இரண்டு எபிசோடு ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே ஷூட்டிங் நடந்து, கடைசி நேரத்தில் வசனம் வந்து ஓடியவை. சீனாவிலோ முழுவதும் எடுத்து, அரசின் அனுமதி வாங்கித்தான் ஒளிபரப்ப முடியும். 2016-ல் சீனச் சந்தையைக் கணக்கில் வைத்து எடுத்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ தொடரைப் போல, ‘மூன் லவ்வர்ஸ்’ தொடரையும் முன்கூட்டியே எடுத்து முடித்தார்கள். அதனால் ரசிகர்கள் முணுமுணுத்தாலும் நடுவில் எதையும் மாற்ற வழியில்லை. சொந்த ஊரில் அதே திங்கள், செவ்வாய் இரவுகளில் வந்த போட்டித் தொடர் ‘லவ் இன் தி மூன்லைட்’ முந்திக்கொண்டது. வெளிநாட்டில்தான் ‘மூன் லவ்வர்ஸ்’ கொண்டாடப்பட்டது.

இரண்டும் கைகோப்பது ஒரு கடிதத்தில். சாகப்போகும் நாயகி, அரசரான நான்காவது இளவரசருக்கு எழுதுகிறாள், ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி. அவள் கையெழுத்து அரசரின் கையெழுத்தைப் போலவே இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து, அவளை மணந்திருக்கும் பதினான்காவது இளவரசர் அதை வேறொரு உறையில் போட்டுத் தன் கையால் முகவரி எழுதி அனுப்புகிறார். தனக்குப் பிடிக்காத தம்பியின் எழுத்து. அரசர் பிரிக்கவே இல்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

யாரும் கெட்டவரில்லை. ஒரு உறை மாறிப்போனது, அவ்வளவுதான்.

சீனத் தொடர் இதைச் சத்தமில்லாமல் கடந்து, அவளை இன்றைய அருங்காட்சியகம் ஒன்றில் நிறுத்துகிறது. அவர் முகத்தோடு ஒருவன் எதிரே நிற்கிறான். அடையாளம் தெரியாமல் நடந்து போய்விடுகிறான். கொரியாக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. அவள் விட்டுப்போன ஒரு மகளை அரசரின் கண்ணில் காட்டுகிறார்கள். பிறகு ஓவியக் கண்காட்சியில் அவளைத் தேம்பி அழவிடுகிறார்கள்.

அழவேண்டும் என்றால் கொரியா. அழாமல் தொண்டை அடைக்க வேண்டும் என்றால் சீனா. இரண்டையும் பார்க்க நேரமிருந்தால் சீனத் தொடரை முதலில் பார்ப்பது நல்லது; வேகமானதைப் பார்த்தபிறகு மெதுவானதற்குத் திரும்புவது கஷ்டம். அந்தக் கடிதம் வரும் எபிசோடை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம். காலையில் வீங்கிய கண்ணுக்கு வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.