கையொப்பமும் கருப்புப் பூனையும்

தன் நூலைத் தானே அச்சிட்டுத் தானே விற்கும் எழுத்தாளரை நம் இலக்கியச் சூழல் இன்னமும் ஒரு படி கீழேதான் வைத்திருக்கிறது. பதிப்பாளர் கிடைக்காதவர் என்பது அவரைப் பற்றிய முதல் தீர்ப்பு. விளம்பரப் பிரியர் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் சான்று எதுவும் யாரும் கேட்பதில்லை. சிற்றிதழ்கள் எழுதியவர்களின் கைக்காசில் நடந்தன என்பதைப் பெருமிதத்தோடு சொல்லும் அதே வாய்தான், கைக்காசில் புத்தகம் போட்டவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறது.

அண்மைக் காலத்தில் இதற்கு நேர் எதிரான குரல் ஒன்றும் கேட்கிறது. எழுத்தாளர் தம்மை ஓர் ஆளுமையாக விற்க வேண்டும், எழுத்து பின்னால் தானாக விலை போகும் என்பது அதன் சாரம். பூனை வளர்க்கும் எழுத்தாளர் என்றால் வேலை எளிது. புதிய நூலின் மேல் பூனையைப் படுக்க வைத்து ஒரு படம், மடிக்கணினியின் அருகே ஒரு படம், அட்டையிலும் ஒரு படம். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விருப்பக்குறிகள் குவிகின்றன. நமக்குப் பூனைகள் மீது எந்தப் பகையும் இல்லை. ஆயினும், அந்த விருப்பக்குறிகள் யாருக்கு என்ற கேள்வி எழாமல் இல்லை.

இவ்விரு குரல்களையும் உரசிப் பார்க்க நமக்குத் தெரிந்த மிக நல்ல உரைகல் மார்க் ட்வைன். அமெரிக்க எழுத்தாளர்களில் அவரைப் போன்ற பூனைப் பித்தர் அரிது. தம் நூல்களைத் தாமே பதிப்பிக்க ஒரு நிறுவனத்தையே தொடங்கி, அதில் பெரும் பணம் பார்த்து, அதே நிறுவனத்தால் திவாலாகியும் போனவர். அவர் எழுத்தை நாம் பாடத்திட்டத்தில் வைக்கிறோம். அவர் போட்ட விற்பனைக் கணக்கை ஏனோ பேசுவதில்லை.

அந்நாளைய அமெரிக்காவில் புத்தகங்கள் இரு வழிகளில் விற்பனையாயின. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் மதிப்புமிக்க பதிப்பகங்கள் புத்தகக் கடைகளை நம்பின. ஹார்ட்ஃபோர்டு நகரத்தின் நிறுவனங்கள் வீடு வீடாகச் சென்று முன்கூட்டியே கையொப்பம் வாங்கி விற்றன. போர் முடிந்து திரும்பிய வீரர்கள், கைம்பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் போன்றோர் முகவர்களாக ஊர் ஊராகப் போனார்கள். முகவர் கையில் முழுப் புத்தகம் இராது. மாதிரிப் புத்தகம் ஒன்று இருக்கும். நூலிலிருந்து சில பக்கங்கள், கண்ணைக் கவரும் படங்கள், துணிக்கட்டு எப்படி, தோல்கட்டு எப்படி என்று காட்ட ஒட்டிய துண்டுகள், இறுதியில் பெயரெழுதக் கோடு போட்ட வெற்றுத் தாள்கள். ஊரில் பாதிரியாரிடமோ மருத்துவரிடமோ முதல் கையொப்பத்தை வாங்கிவிட்டால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்பது முகவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம். இலக்கியவாதிகள் இந்த முறையை இளக்காரமாகவே பார்த்தனர். ட்வைன் பார்க்கவில்லை. 1869இல் வெளிவந்த அவருடைய முதல் பயண நூல் இம்முறையில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70,000 பிரதிகள் விற்றது. புத்தகக் கடையே இல்லாத ஊர்களில் இருந்த வீடுகளுக்குள் அது நுழைந்தது.

கையொப்பம் என்னும் சொல் தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்தவர்களுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்காகக் கையொப்பம் திரட்டியதை ‘என் சரித்திர’த்தில் படித்திருக்கிறோம். சிந்தாமணி வெளிவந்தது 1887இல். ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அமெரிக்காவில் வெளிவந்தது 1885இல். உலகின் இரு கோடிகளில், ஒருவர் ஏடுகளோடும் மற்றவர் எள்ளலோடும், ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வழியில் புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஐயரை எவரும் விளம்பரப் பிரியர் என்று சொல்லத் துணிவதில்லை.

முதலில் ட்வைன் வேறொரு நிறுவனத்தின் எழுத்தாளராகத்தான் இருந்தார். கணக்கில் தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் நம்பினார். பிறகு ஒரு பதிப்பாளருக்குத் தரகு கொடுத்து, அச்சுச் செலவைத் தாமே ஏற்று இரண்டு நூல்களைக் கொண்டுவந்தார். அதுவும் நிறைவளிக்காமல், 1884இல் தம் அக்காள் மகளை மணந்த சார்லஸ் வெப்ஸ்டரின் பெயரில் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். பெயர் வெப்ஸ்டருடையது, முதல் ட்வைனுடையது.

அதன் முதல் நூல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. 40,000 கையொப்பங்கள் சேரும் வரை நூலை வெளியிடக்கூடாது, சேராவிட்டால் வெளியீட்டைத் தள்ளிவை என்று வெப்ஸ்டருக்குத் திட்டவட்டமாக எழுதினார். நம் எழுத்தாளர்கள் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது இதைத்தான். நாம் முதலில் அச்சிடுகிறோம், பிறகு வாசகரைத் தேடுகிறோம். அவர் வாசகரைத் தேடிய பிறகு அச்சிட்டார். விலையும் ஒன்றாக இல்லை: துணிக்கட்டு இரண்டே முக்கால் டாலர், தோல்கட்டு மூன்றேகால், அரை மொராக்கோ என்னும் உயர்ந்த கட்டு நாலேகால். ‘டாம் சாயர்’ நீல அட்டையில் வந்திருந்தது. அலமாரியில் அதற்கு இணையாக வைக்க விரும்புவோருக்கு இதுவும் நீலத்தில் கிடைத்தது, மற்றவர்களுக்குப் பச்சை. ‘செஞ்சுரி’ இதழில் மூன்று மாதம் சில பகுதிகள் வெளிவந்தன. அதே வேளையில் அவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து நவம்பர் 1884 முதல் பிப்ரவரி 1885 வரை ஊர் ஊராக மேடையேறி நூலிலிருந்து வாசித்தார்.

இத்தனை ஏற்பாடும் ஒரு படத்தால் குலையப் பார்த்தது. செதுக்கப்பட்ட அச்சுத் தகடு ஒன்றில் யாரோ ஆபாசமாகக் கைவைத்துவிட்டார்கள். மாதிரிப் புத்தகங்கள் முகவர்களிடம் போன பின்னரே அது தெரிந்தது. அச்சான பிரதிகளில் அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துப் புதிய பக்கம் ஒட்ட வேண்டியதாயிற்று. குற்றவாளியைக் காட்டிக்கொடுப்போருக்கு 500 டாலர் என்று அறிவித்தும் ஆள் அகப்படவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனை கைநழுவிப் போயிற்று. நூல் வந்த மறுமாதம் கான்கார்டு நகரப் பொது நூலகம், குப்பை என்று சொல்லி அதை வெளியேற்றியது. ட்வைன் இதைக் கேட்டு மகிழ்ந்தார். இதனாலேயே இன்னும் 25,000 பிரதிகள் போகும் என்று வெப்ஸ்டருக்கு எழுதினார். சில மாதங்களில் விற்பனை 50,000ஐத் தாண்டியது. வசையையும் வரவில் வைக்கத் தெரிந்தவர்!

ஒரு பூனையேனும் இந்த விற்பனையில் பங்கேற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்போது வீட்டில் பூனைகள் நிறையவே இருந்தன. கோடைதோறும் தங்கிய எல்மைரா பண்ணையில் அவற்றுக்கு ஜோராஸ்டர், அப்பாலினாரிஸ், பிளாதர்ஸ்கைட் என்றெல்லாம் வாயில் நுழையாத பெயர்களை வைத்திருந்தார். குழந்தைகளுக்கு உச்சரிப்புப் பயிற்சி கிடைக்கட்டும் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். அது வீட்டு விளையாட்டு. முகவரின் மாதிரிப் புத்தகத்தில் ஹக்கும் ஜிம்மும்தான் இருந்தார்கள்.

அடுத்து நேர்ந்தது சற்றே சோகமான கதை. தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த முன்னாள் அதிபர் கிராண்ட்டின் நினைவுக் குறிப்புகளை ட்வைனின் பதிப்பகம் வாங்கியது. கிராண்ட் 1885 ஜூலையில் இறந்தார். இரு தொகுதிகளும் 3,00,000 தொகுப்புகளுக்கு மேல் விற்றன. 1886 பிப்ரவரியில் அவர் மனைவிக்கு 2,00,000 டாலருக்கான காசோலை அனுப்பப்பட்டது. பிறர் நூலை விற்பதும் தம் நூலை விற்பது போலத்தான் என்ற மயக்கம் ட்வைனுக்கு அங்கிருந்தே தொடங்கியது என்பது நம் கருத்து. கத்தோலிக்கர் அனைவரும் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்த போப்பாண்டவர் வரலாறு ஏமாற்றியது. அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்று பதினொரு தொகுதிகளாக வளர்ந்தது. அதைத் தவணையில் விற்றதால் முகவருக்குத் தரகு உடனே போயிற்று, வாசகர் பணமோ துளித்துளியாக வந்தது. போதாக்குறைக்கு, பெய்ஜ் என்பவரின் அச்சுக் கோக்கும் எந்திரத்தில் தம் செல்வத்தையும் மனைவியின் செல்வத்தையும் கொட்டினார். 1894 ஏப்ரலில் பதிப்பகம் நம்மூர் வழக்கில் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

கடனை அடைக்க அறுபதை நெருங்கும் வயதில் உலகம் சுற்றிப் பேசக் கிளம்பினார். 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கிப் பார்த்துவிட்டுப் பம்பாய்க்கு வந்ததும் அந்தப் பயணத்தில்தான். பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது மூத்த மகள் சூசி ஊரில் இறந்த செய்தி வந்தது. 1898க்குள் கடன் முழுவதையும் தீர்த்தார். சுயபதிப்பு அவரைக் கெடுத்தது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. தாம் எழுதிய நூலைத் தாமே விற்ற வரையில் அவர் தோற்கவில்லை.

இங்கே பாரதி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. 1920இல் தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, கடனுதவி கேட்டு அச்சிட்ட கடிதம் அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல் அவை விலைபோகும் என்று நம்பினார். திட்டம் நிறைவேறாமலே மறு ஆண்டு மறைந்தார். அவரிடம் துணிவும் இருந்தது, கணக்கும் இருந்தது. மாதிரிப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போக ஆள்தான் இல்லை.

இனிப் பூனைக்கு வருவோம். 1904இல் மனைவியை இழந்த ட்வைன் நியூயார்க்கில் ஐந்தாம் நிழற்சாலை வீட்டில் குடியிருந்தார. மகள் கிளாராவின் கருப்புப் பூனை பாம்பினோ அவர் பொறுப்பில் இருந்தது. 1905இல் ஒருநாள் அது காணாமல் போயிற்று. கண்டுபிடிப்போருக்கு 5 டாலர் என்று நாளேட்டில் விளம்பரம் கொடுத்தார். கரிய பெரிய பூனை, மார்பில் மெல்லிய வெள்ளைக் கோடு, சாதாரண வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கடினம் என்ற அடையாளங்களோடு. அவ்வளவுதான், கையில் கிடைத்த பூனையைத் தூக்கிக்கொண்டு மக்கள் வரத் தொடங்கினார்கள். பாம்பினோ வீடு திரும்பிய பிறகும் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பரிசு அன்று, மார்க் ட்வைனை ஒருமுறை பார்ப்பது.

பூனை எழுத்தாளரைப் பிரபலமாக்கும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுவோர், காலத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். அவருடைய முதல் நூல் 1867இல் வந்தது. வாசலில் அந்தக் கூட்டம் கூடுவதற்கு இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகளும், கையொப்பம் இட்டு வாங்கப்பட்டு வீடுகளில் படிக்கப்பட்ட லட்சக்கணக்கான பிரதிகளும் இருக்கின்றன. புத்தகத்தால் ட்வைன் தெரிந்தார். ட்வைனால் பூனை தெரிந்தது. பூனையிலிருந்து தொடங்கிப் புத்தகத்துக்கு வர முயல்பவர் பூனையோடு நின்றுவிடவே வாய்ப்பு மிகுதி.

தவிரவும், அவருக்குப் பூனை கருவி அன்று. 1906 கோடையில் நியூ ஹாம்ஷயரின் டப்ளின் என்னும் ஊரில் தங்கியபோது மூன்று குட்டிகளை வாடகைக்கு எடுத்தார். சொந்தமாக வாங்கினால் கோடை முடிந்து கிளம்பும்போது அநாதையாக விட்டுப்போக நேரும். ஆகவே பின்னாளையப் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வாடகைக்கு வைத்துக்கொண்டார். கருப்புக் குட்டிக்கு ஒரு பெயர். ஒன்றுபோலவே இருந்த இரு சாம்பல் குட்டிகளுக்கும் சேர்த்து ‘சாம்பல்’ என்று ஒரே பெயர். படம் எடுத்து முடித்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்படும் பூனைகளை நினைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவும் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் முன்னாள் மாணவி ஒருவர், கைத்தறி நெசவாளர் குடும்பத்தவர், தறியின் ஒவ்வோர் உறுப்பும் தெரிந்தவர், பதினோரு கதைகள் எழுதி வைத்திருக்கிறார். நல்ல கதைகள், இரண்டு மிக நல்ல கதைகள். வீட்டில் நான்கு பூனைகள். பூனைப் படம் போட்டு நூலை அறிவித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விரும்பினார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் ஏழு பேர். நகையை அடகு வைத்து 500 பிரதிகள் அச்சிடலாமா, அட்டையில் பூனையைப் போடச் சொல்கிறார்களே போடலாமா என்று கேட்டார்.

நகை வேண்டாம் என்றோம். இன்று நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் வசதி இருக்கிறது. அந்த நூற்றுக்கும் முதலில் கையொப்பம் வாங்குங்கள், ஒரு கதையைத் தனியே சிறு வெளியீடாக அச்சிட்டு அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் போங்கள், கூச்சப்பட வேண்டாம் என்றோம். அட்டையில் தறி இருக்கட்டும். எலி பாவைக் கடிக்காமல் காவலிருக்கும் பூனை ஒன்று ஆறாவது கதையில் வருகிறது. அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு கோட்டோவியம் போடலாம், அது உழைத்துப் பெற்ற இடம்.

சென்ற வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார். நம் பெயரை மூன்றாவதாக எழுதினோம். முதல் இரண்டு பெயர்கள் அவர் தெருவின் நெசவாளர்களுடையவை. இருவரும் முழுப் பணத்தையும் அப்போதே கொடுத்துவிட்டார்களாம்.