ஆட்டத்துக்கு விதி வேண்டும், கூந்தலுக்கு எதற்கு?

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணியை 27 சீசன்கள் நடத்திய ரெனே போர்ட்லாண்ட் மூன்று விதிகள் வைத்திருந்தார். குடிக்கக் கூடாது. போதைப்பொருள் கூடாது. தன்பாலீர்ப்பு கொண்ட பெண் யாரும் அணியில் இருக்கக் கூடாது. முதல் இரண்டும் பல அணிகளிலும் உள்ளவைதான். மூன்றாவதை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. 1986-இலேயே செய்தித்தாள் பேட்டியில் சொன்னார். திறமையான மாணவிகளைத் தேடிப் போகும்போது அவர்களின் பெற்றோரிடமும் இதை வாக்குறுதிபோலச் சொல்லிவந்தார். மகளைத் தொலைதூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் பயம்தான் அந்த வாக்குறுதிக்கு மதிப்புக் கொடுத்தது.

1991-இல் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் பாலீர்ப்பையும் சேர்த்தது. போர்ட்லாண்ட் பதவியில் தொடர்ந்தார், அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, 2000-இல் தேசிய அரையிறுதிவரை போனது. கேட்பார் இல்லை.

கேட்டவர் ஜெனிஃபர் ஹாரிஸ். 2005-இல் சீசன் முடிந்த கையோடு அணியிலிருந்து நீக்கப்பட்ட அவர், அந்த டிசம்பரில் வழக்குத் தொடுத்தார். பயிற்சியாளர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு துன்புறுத்தினார், இன்னும் பெண்மையாக உடுத்தச் சொன்னார், தலையோடு ஒட்டிப் பின்னும் சடையை மாற்றச் சொன்னார் என்பவை புகார்கள். அந்தப் பின்னல் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவருவது. ஹாரிஸ் கறுப்பினப் பெண். தன்பாலீர்ப்பாளர் அல்ல என்றும் அவரே சொன்னார். ஒருவரின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று விதி போட்டால் அதைச் சந்தேகத்தை வைத்துத்தானே அமல்படுத்த முடியும்? சடையும் சட்டையும் சாட்சியாகிவிடுகின்றன.

போர்ட்லாண்ட் புகார்களை மறுத்தார். ஆனால், பல்கலைக்கழகத்தின் சொந்த விசாரணையே 2006-இல் அவர் மிரட்டலான சூழலை உருவாக்கினார் என்று கண்டறிந்து 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2007 பிப்ரவரியில் வழக்கு சமரசமானது. மார்ச்சில் அவர் பதவி விலகினார். 2009-இல் வந்த ‘ட்ரெயினிங் ரூல்ஸ்’ ஆவணப்படத்தில் முன்னாள் ஆட்டக்காரர்கள், தங்கள் விளையாட்டு வாழ்க்கை எப்படி நொறுங்கியது என்று பேசினார்கள்.

இத்தனை ஆண்டுகள் அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? காரணம் பணம். அன்றைய விதிப்படி விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்குத்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதில் பயிற்சியாளரின் சொல்லே எடுபடும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு போட்டியில் இறங்காமல் உட்கார வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 2021-இல்தான் தளர்ந்தது. பிடிக்காவிட்டால் போகலாம் என்பது சொல்ல எளிது. படிப்பும் ஆட்டமும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது பத்தொன்பது வயதுப் பெண் எங்கே போவாள்?

2003-இல் நியூயார்க் மாநிலத்தின் மன்ஹாட்டன்வில் கல்லூரியில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். நாட்டின் ஏற்றத்தாழ்வுகளையும் வரவிருந்த இராக் போரையும் எதிர்த்து, கூடைப்பந்து ஆடிய டோனி ஸ்மித் என்ற மாணவி தேசிய கீதத்தின்போது கொடிக்கு முகம் காட்டாமல் திரும்பி நின்றார். எதிரணி மைதானங்களில் கூச்சல். வியட்நாம் போரில் பங்கேற்ற முன்னாள் வீரர் ஒருவர் கொடியோடு ஆடுகளத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கல்லூரித் தலைவர் மாணவியின் பக்கம் நின்றார். ஸ்மித்தும் சீசன் முழுக்க ஆடினார். அந்தக் கல்லூரி ஆடிய மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். பறிப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மாணவியால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

கண்டிப்பே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. டென்னசியின் பாட் சம்மிட்டைவிடக் கண்டிப்பான பயிற்சியாளரைக் காண்பது அரிது. வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும் என்பது அவரது கட்டளை. 38 சீசன்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். ஆடும் தகுதிக் காலம் முழுவதையும் அவரிடம் ஆடிமுடித்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெற்றார். அந்த விதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்திலோ படிப்பிலோ காரணம் இருந்தது. ஹாரிஸின் சடை எந்தப் பந்தைத் தடுத்தது?

காரணம் சொல்லும் விதியையும் ஆடுகளத்திலேயே சோதித்துவிடலாம். பில்கிஸ் அப்துல்-காதிர், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் பெண். மெம்பிஸிலும் பின்னர் இந்தியானா ஸ்டேட்டிலும் ஆடினார். ஆனால், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா பாதுகாப்பைக் காரணம் காட்டித் தலைமறைப்பைத் தடுத்ததால் வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு அவரால் போக முடியவில்லை. தடை 2017-இல் நீங்கியது. அவரது நல்ல ஆட்டக்காலம் அதற்குள் வீணாகியிருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது என்பார்கள். 2021 ஜூலை முதல் மாணவிகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். லூசியானா ஸ்டேட் அணியின் ஃப்ளாஜே ஜான்சன் ராப் பாடகியாகவும் புகழ்பெற்றார். உண்மையிலேயே மகிழ வேண்டிய மாற்றம். ஆனால், அதே அணி 2024-இல் அயோவாவுக்கு எதிரான ஆட்டத்தில் தேசிய கீதத்தின்போது களத்தில் இல்லை. வழக்கமான தயாரிப்புதான், வேண்டுமென்று செய்யவில்லை என்று பயிற்சியாளர் கிம் மல்கி விளக்கினார். மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியோ, கீதத்தின்போது களத்தில் இல்லாதவர்கள் உதவித்தொகையை இழக்க நேரிடும் என்று விதி கொண்டுவரச் சொன்னார். பழைய ஆயுதம் துருப்பிடிக்கவில்லை.

அதைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். பயிற்சிக்குத் தாமதமாக வந்தவரைப் பயிற்சியாளர் ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைக்கட்டும், அது அவரது உரிமை. மாணவி கையெழுத்திடும் முன்பே அணியின் விதிகள் எல்லாம் எழுத்தில் அவர் கைக்கு வரட்டும். கூந்தல், காதல், நம்பிக்கை, அரசியல் ஆகியவற்றுக்காக அவரது படிப்புப் பணத்தில் யாரும், ஆளுநரே ஆனாலும், கைவைக்க முடியாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.