கோடைக்கு உறையும் ரோஸே
ரோஸே ஒயினை உறையவைத்து அரைத்தெடுக்கும் ‘ஃப்ரோஸே’, 2016 கோடையில் நியூயார்க் மதுக்கூடங்களிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குள் பரவியது. மதுக்கூடத்தில் அதைச் சுழற்றிக்கொண்டே குளிர்விக்க இயந்திரம் உண்டு. வீட்டில் ஃப்ரீசரும் மிக்ஸியும் போதும். ஒயின் கல்லாக இறுகாமல் இருப்பதுதான் இதில் ரசிக்கத்தக்க விஷயம். 12 சதவீத ஆல்கஹால் கொண்ட ஒயின் ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். நீர் முதலில் பனித்துகளாகப் பிரிய, மிஞ்சிய திரவத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் செறிந்துகொண்டே போகும். அதனால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலும் ஒரு பகுதி உறையாமல் நின்று, கரண்டியால் சுரண்டக்கூடிய குழைவைத் தரும். ஆனால் புட்டியோடு உறையவைக்கக் கூடாது; நீர் பனியாகும்போது விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். ஆழமில்லாத அகலத் தட்டில் ஊற்றி ஓர் இரவு விடுவதே சரி. கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும், மணமும் அடங்கும். ஆகவே ஸ்ட்ராபெரி ஊறிய சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் இதற்கு அவசியம், வெறும் அலங்காரமல்ல. அரைக்கும்போது நிறமும் வெளுக்கும் என்பதால் அடர்ந்த நிறமுள்ள ரோஸேதான் பொருந்தும்; விலை உயர்ந்த புட்டியை இதற்காகத் திறப்பது வீண். அரைத்த கலவையை ஜாரோடு அரை மணி நேரம் மீண்டும் ஃப்ரீசரில் வைத்து, விருந்தினர் வந்து அமர்ந்த பின் இன்னொரு சுற்று அரைத்து, முன்பே குளிரவைத்த கோப்பைகளில் ஊற்ற வேண்டும்.