ஆடும் காலும் தாங்கும் தரையும்

1935-ம் ஆண்டில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அடையாற்றில் பரதநாட்டியம் ஆடியபோது, கௌரவமான குடும்பத்துப் பெண் சதங்கை கட்டலாமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. இன்று அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. விஜயதசமி வந்தால் குழந்தையை நாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டுத்தான் மறு காரியம் பார்க்கிறோம். ஆனால் நாம் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி பாக்கியிருக்கிறது: அக்குழந்தையின் முழங்கால் சௌக்கியமா?

நாட்டியம் தேகத்துக்கு நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தட்டடவையும் நட்டடவையும் மூன்று காலங்களிலும் ஆடி முடித்தால் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் போதிய வேலை கிடைத்துவிடுகிறது. தொடைத் தசைகள் உரம் பெறுகின்றன. கால் தாளத்தை மிதிக்க, கை முத்திரை காட்ட, கண் கையைத் தொடர, மூளைக்கும் அப்பியாசம் உண்டாகிறது. அமெரிக்காவில் 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் தேகப் பயிற்சிகளுள் நடனம் ஒன்றே, முதுமையின் மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாக அதில் காணப்பட்டது. நடனம் நோயைத் தடுத்தேவிட்டது என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. எனினும் நம்பிக்கையூட்டும் செய்திதான்.

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். அரைமண்டியில் பாதங்கள் வெளிப்புறம் திரும்பி நிற்க வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலே பிறக்க வேண்டும். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் உருளும் பந்தைப் போன்றது, நன்றாகச் சுழலும். முழங்காலோ பெரும்பாலும் கதவின் கீலைப் போன்றது. மடங்கவும் நீளவுமே ஏற்பட்டது. இடுப்புத் திரும்பாத குழந்தை பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், முறுக்கு முழுவதும் முழங்காலின் தலையில் விடிகிறது. முதுகை வளைத்துச் சமாளித்தால் இடுப்பு வலிக்கிறது.

தரையும் லேசுப்பட்டதல்ல. மரத்தளம் சற்று நெகிழ்ந்து மிதியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிமெண்டும் சலவைக்கல்லும் அதைக் காலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வெறுங்காலால் ஓங்கி மிதித்துப் பழகுகிறவர்களுக்கு, நாளடைவில் கணைக்கால் எலும்பிலும் பாத எலும்புகளிலும் மயிரிழை போன்ற முறிவுகள் காண்பதுண்டு.

இவற்றையெல்லாம்விட அபாயமானது அரங்கேற்ற அவசரம். சபா மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழும் அச்சாகிவிட்ட பிறகு, கால் வலிக்கிறது என்று சொல்லக் குழந்தைக்கு நா எழுவதில்லை. சொன்னாலும், வலித்தால்தான் வித்தை வரும் என்று பெரியவர்கள் அடக்கிவிடுகிறார்கள்.

தசைவலி இரண்டொரு நாளில் தானே தீரும். மூட்டிலோ எலும்பிலோ ஒரே இடத்தில் நின்று, ஆட ஆட வளரும் வலி வேறு ஜாதி. அதற்கு ஓய்வும் வைத்தியரும் வேண்டும். அரங்கேற்றத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டால் குடி முழுகிப் போகாது.

ஆடத் தொடங்குமுன், மிதிக்கப் போவதற்காகப் பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்டு வணங்குவது நம் சம்பிரதாயம். அவள் பொறுமைக்குப் பெயர் போனவள்; பொறுத்துக்கொள்வாள். முழங்காலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.